மலையேறி வந்த யாட்டும் என் லைன் வீடும்

எங்கள் போட்டில் வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டிய ஆள் எப்படி யாட் எனும் பாய்மரப் படகு ஓட்ட வந்தீர்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன். படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

1. கப்பல் வந்த நாள்

கீழே தாப்பாவிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் ரோட்டு வளைவுகளில் காய்கறி லோரி பார்த்திருக்கிறேன், பூ லோரி பார்த்திருக்கிறேன், கட்டில் மெத்தையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்த லோரியும் பார்த்திருக்கிறேன். கப்பலை ஏற்றிக்கொண்டு மேலே வந்த லோரியை அன்றுதான் பார்த்தேன். மாஸ்ட் என்கிற பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்துக் கட்டியிருந்தார்கள். ரிங்லெட் டவுனைத் தாண்டும்போது சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்து நின்றார்கள்.

வாங்கியவர் எங்கள் துரை. தோட்டத்து மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இவர் கிள்ளானில் பிறந்த தமிழர். டூரிஸ்டுகள் தேயிலை மலையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், ஒரு தேத்தண்ணீர் குடிக்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்களைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் அணை ஏரியில் மிதக்கவிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார்கள் என்பது அவருடைய யோசனை. கடலோரத்து லூமுட்டில் யாரோ விற்ற பழைய யாட் அது. பாய் விரிக்கப் போவதில்லை, எஞ்சினில்தான் ஓடும். மாஸ்ட் போட்டோவுக்கு.

எனக்கு அப்போது அறுபது வயது நிறையச் சில மாதங்களே பாக்கி. அறுபது என்றால் ரிட்டயர். ரிட்டயர் என்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் கம்பெனி சட்டம். நானும் என் மனைவி பார்வதியும் கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் லைன் வீடு அது, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. பின்பக்கச் சமையல்கட்டு நான் இழுத்துக் கட்டியது. வாசல் ஓரத்து ரோஜா அவள் வைத்தது. மகன் ஜொகூரில் ஃபிளாட்டில் இருக்கிறான், வா வா என்கிறான். அந்தப் பேச்சை எடுத்தால் பார்வதிக்கு உடனே அடுப்பில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவாள். எனக்கும் அந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை.

இந்த நிலைமையில்தான் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ராமையா, அந்தப் போட்ட ஓட்ட ஆள் வேணும். டெஸ்ட் பாஸ் பண்ணி லைசன் எடுத்தீங்கன்னா கான்ட்ராக்ட்ல வச்சிக்கிறேன். வேலைல இருக்கிற வரைக்கும் வீடு உங்களுக்குத்தான்."

"துரை, எனக்கு நீச்சலே தெரியாதே."

"உங்கள யாரு நீந்தச் சொன்னா? ஓட்டத்தான சொல்றேன் லா."

வீட்டுக்கு வந்து பார்வதியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாத்ரூமில் வாளித் தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற ஆளுக்குக் கப்பல் ஒரு கேடா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ளே போடுவதற்கு அன்று மாலையே ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

2. பிரேக் எங்கே

எனக்குக் கற்றுக்கொடுக்க லூமுட்டிலிருந்து ஐனி என்ற மலாய்க்காரப் பெண் வந்தாள். என் மகளாக இருக்க வேண்டிய வயது. என்னைப் பாக்சிக் என்பாள், நம் ஊர் மாமா மாதிரி. அவள் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் பாடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி, பிரேக் எங்கே. ஐனி சிரித்துச் சிரித்துக் கடைசியில் போட் கட்டுகிற ஜெட்டி மேடையில் உட்கார்ந்துவிட்டாள். யாட்டுக்குப் பிரேக் கிடையாது. கியரை நியூட்ரலில் போட்டாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். லோரியை மேட்டில் நிறுத்திக் கல் அண்டை கொடுக்கிற வேலை எதுவும் தண்ணீரில் நடக்காது.

அங்கே பிரேக் என்பது காற்றுதான். எங்கள் ஏரியில் மதியத்துக்கு மேல் அணைப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கு வழியாகக் காற்று ஏறி வரும். அந்தக் காற்றுக்கு எதிர்முகமாக வந்து ஜெட்டியை நெருங்கினால் காற்றே போட்டைப் பிடித்து நிறுத்தும். காற்று முதுகில் இருக்கும்போது வந்தால் ஜெட்டிக்கு ஆபத்து, ஜெட்டியில் நிற்பவனுக்கு அதைவிட ஆபத்து. ஒருமுறை அப்படித்தான் வந்தேன். துரை அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இதையும் எழுதிவைக்கிறேன். கொதிக்கிற தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்போமோ அந்த வேகத்தில் வாருங்கள். ஃபெண்டர் எனப்படும் ரப்பர் பந்துகளை முன்பே தொங்கவிடுங்கள், இடிக்கும் நேரத்தில் தேடாதீர்கள். முதலில் போட்டின் நடுவிலிருந்து ஒரு கயிற்றைக் கட்டுங்கள், அதற்குப் பிறகு முன் கயிறு, பின் கயிறு. யாரும் குதிக்கக் கூடாது. போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் கையையோ காலையோ விடவே கூடாது. போட் நசுங்கினால் ஒட்டுப் போடலாம், கால் நசுங்கினால் தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே மலை முழுக்க இறங்க வேண்டும்.

கோணம் சரியாக அமையாவிட்டால் மானம் போகிறதே என்று பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வாருங்கள். ஏரிக்கு அவசரம் கிடையாது.

3. டிரைவர் கட்டு

எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஒன்றுதான் மனசுக்கு ஒப்பவில்லை. கயிற்றை லூசாகக் கட்டச் சொன்னாள் ஐனி.

எங்கள் ஜெட்டி மரக்கால்களில் அசையாமல் நிற்பது. ஏரித் தண்ணீர் அப்படியில்லை. மின்சாரத்துக்கு எடுத்தால் இறங்கும். பெருமழை வரும் என்று தெரிந்தால் அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாமில் இருப்பவர்களை நினைத்து முன்கூட்டியே இறக்கிவைப்பார்கள். மழை கொட்டினால் ஏறும். தண்ணீரோடு சேர்ந்து போட்டும் ஏறி இறங்க வேண்டும் என்றால் கயிறு நீளமாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. என் காலமெல்லாம் அந்த வளைவுகளில் லோட் சரியாமல் இருக்க இழுத்துக் கட்டியே பிழைத்தவன் நான். கயிற்றில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் விட்டு இழுத்து, மேலே ஏறி நின்று இன்னொருமுறை இழுத்தால் மூட்டை மூச்சுவிடாது. தோட்டத்தில் அதற்கு டிரைவர் கட்டு என்றே பெயர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், உரம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும் ஐனி சொன்னபடி மனசைக் கல்லாக்கிக்கொண்டு தளர்வாகவே கட்டிவிட்டு வருவேன்.

டெஸ்டுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் பனி விலகும் நேரத்தில் ஜெட்டிக்குப் போனேன். ஐனி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏரித் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. யாட் இறங்கவில்லை. கசாப்புக் கடை ஆடு மாதிரி ஜெட்டியில் ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு சுற்றும் இரும்புக் கொம்பு ஒன்று மேல்தளத்துப் பலகையோடு பிய்ந்து வந்திருந்தது.

கயிறுகளைப் பார்த்தேன். எல்லாமே டிரைவர் கட்டு.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி செல்வராஜு தன் ஆட்களோடு மேல் ரோட்டில் வந்தார். போட்டைப் பார்த்ததும் நின்றார். இறங்கி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நேத்து சாயங்காலம் கோயில்லேருந்து வர்றப்ப பாத்தோம். கயிறெல்லாம் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சி. டெஸ்ட் நேரத்துல போட் அவுந்து போயிருச்சின்னா உங்க வீடு போயிருமேன்னு நாங்கதான் எல்லாரும் சேந்து இழுத்துக் கட்டுனோம்."

இதற்கு மேல் யாரைக் கோபிப்பது? என் வீட்டைக் காப்பாற்றத்தான் அவர்கள் அந்தக் கட்டுப் போட்டார்கள். அதைப் போடச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

முடிச்சை அவிழ்க்க வழியே இல்லை, போட்டின் பாரம் முழுக்க அதில் தொங்கியது. வெட்டினால் போட் அப்படியே விழும். ஐனி ஒரு நீளக் கயிற்றைப் போட்டின் முன்பக்கம் கட்டி, ஜெட்டிக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செல்வராஜு ஆட்களின் கையில் கொடுத்தாள். பின்பக்கத்துக்கும் அதே மாதிரி இன்னொன்று. பிறகு நான் கவ்வாத்துக் கத்தியால் இறுகின கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். அவர்கள் பிடித்த கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். இழுத்தே பழகின கைகளுக்கு விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். யாட் மெதுவாக இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்ததும் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

அதற்குள் துரை வந்துவிட்டார். பிய்ந்த பலகையைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். செல்வராஜு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது என் கட்டுத்தான் துரை."

பொய் இல்லையே. தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

துரை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "டெஸ்ட்ல பாஸ் ஆவுங்க ராமையா. ஆகலன்னா நான் லூமுட்லதான் ஆள் தேடணும். அப்புறம் வீட்டு விசயத்துல என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு சோறு இறங்கவில்லை. நடந்ததைப் பார்வதியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

4. தண்ணீர்த் தொட்டி நகர்ந்தது

டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி நடுவயது மலாய்க்காரர், ஐயா என்பதற்கு மலாயில் துவான் என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு கோப்பித் தெர்மஸ். கரையில் செல்வராஜு கூட்டம் நின்றது. கயிற்றுப் பக்கம் ஒருவரும் வரவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள்.

ஜெட்டியில் கட்டுகிற பரீட்சையில் முதல்முறை நெருங்கும்போது காற்று சட்டென்று வீசி முன்பக்கத்தைத் தள்ளிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து நுழைத்துவிடலாம் என்று கை துடித்தது. துரை பார்க்கிறார், ஊரே பார்க்கிறது. கையை அடக்கிக்கொண்டு விலகிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தேன். இரண்டாம் முறை ஃபெண்டர் ஜெட்டியை முத்தமிட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. கயிறுகளைத் தளர்வாகக் கட்டினேன். அதிகாரி தலையை ஆட்டினார்.

அடுத்தது நங்கூரம். அவர் கையைக் காட்டிய இடத்துக்குப் போனேன். சங்கிலியைக் கொட்டிக் குவிக்காமல் போட் பின்னால் நகர நகர விட்டேன். ஆழத்தைப் போலப் பல மடங்கு சங்கிலி விட வேண்டும், அப்போதுதான் நங்கூரம் படுத்துக்கொண்டு மண்ணைக் கவ்வும். ரிவர்சில் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நின்றது போலிருந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

நின்றதா இல்லையா என்பதற்கு ஐனி சொல்லித்தந்த வழி ஒன்று உண்டு. கரையில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவை விலகினால் நாம் நகர்கிறோம். நான் கரையோரத்துப் பம்ப் வீட்டுக் கதவையும், அதற்கு நேர் பின்னால் தேயிலைச் சரிவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி தெர்மஸைத் திறந்தார். எனக்கும் கோப்பி கொடுத்தார். தேயிலை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார், அழகை ரசிக்கிறார் என்று நினைத்தேன். கதவுக்கு மேலே இருந்த தொட்டி கொஞ்சம் இடது பக்கம் போயிருந்தது. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தது. சங்கிலியில் கையை வைத்தேன். சங்கிலி அதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் நங்கூரம் உழுதுகொண்டு போகிறது.

உண்மையைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் முதலில் தோன்றியது. காற்று லேசானது, கரை தூரத்தில் இருக்கிறது. அவர் கோப்பியைக் குடித்து முடித்தால் போதும், லைசன் வந்துவிடும், வீடு தங்கிவிடும். நங்கூரம் நிற்கவில்லை என்று நானே சொன்னால் அவர் ஃபெயில் என்று எழுதிவிடலாம். சமையல்கட்டு, ரோஜாச் செடி, எல்லாம் கண் முன்னால் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நாளைக்கு இதே இடத்தில் பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்.

"துவான், நாம நகர்றோம்" என்றேன்.

அவர் கோப்பையை வைத்தார். "தெரியும். பம்ப் வீட்டை நானும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். எப்பச் சொல்வீங்கன்னு காத்திருந்தேன்."

நங்கூரத்தை மேலே இழுத்தேன். ஒரு பெரிய சேற்று உருண்டை வந்தது. கழுவினால் உள்ளே காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் ஷீட். தக்காளிச் செடிக்கு மேலே கூரையாகப் போடுவார்களே, அது. மழையில் அடித்து வந்து ஏரியடியில் கிடந்ததை நங்கூரம் அள்ளிப் போர்த்திக்கொண்டிருக்கிறது. போர்த்திக்கொண்டவன் எப்படி வேலை செய்வான்? அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஏரியில் நங்கூரம் போடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், அடியில் இருப்பது பாதி சேறு, பாதி தோட்டத்துக் குப்பை. முதல் தடவை பிடித்துவிட்டது என்று நம்பி உட்காராதீர்கள்.

வேறு இடம் கேட்டேன், சம்மதித்தார். ஆறு வந்து சேரும் முனைப் பக்கம் அடி கொஞ்சம் கெட்டி. அங்கே போட்டு இன்னும் அதிகமாகச் சங்கிலி விட்டேன். இந்த முறை ரிவர்சில் இழுத்தபோது போட் தலையை ஆட்டிவிட்டு நின்றது. தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் இரண்டாவது கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். பாஸ் என்று சொன்னார்.

5. பெட்டிகள்

செல்வராஜு கூட்டம் என்னைத் தூக்காத குறைதான். துரை கை கொடுத்தார். ஐனி யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்த்தேன். போன் செய்து சொல்வதைவிட நேரில் சொன்னால் பார்வதி முகத்தைப் பார்க்கலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

உள்ளே போனால் வீடு காலி. சுவரில் படம் இல்லை. அலமாரியில் பாத்திரம் இல்லை. எல்லாம் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கட்டி, சுவரோரம் அடுக்கியிருந்தது. பார்வதி நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பாஸ் என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்க பாஸ் ஆவீங்கன்னு தெரியும்" என்றாள்.

"அப்ப எதுக்கு இதெல்லாம்?"

"ஒருவேள ஆகலன்னா நீங்க இந்த வாசல்ல வந்து எப்படி நிப்பீங்கன்னு நெனச்சேன். உங்க முன்னாடி அழுதுக்கிட்டே பாத்திரம் கட்ட என்னால முடியாது. அதான் நீங்க இல்லாதப்பவே அழுது கட்டி முடிச்சிட்டேன்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சில மாதங்களாக வீடு போய்விடுமோ என்று பயந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதெல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பகலில் அப்படிப் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

நங்கூரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போடுவதற்கு முன்பே, அது பிடிக்காமல் போனால் எந்தப் பக்கம் விலகிப் போவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து வைத்தவனுக்குத்தான் நகரும்போது நகர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரும். ஐனி இதைப் பலமுறை சொல்லியும் எனக்கு ஏறவில்லை, அந்தப் பெட்டிகளைப் பார்த்தபோதுதான் ஏறியது.

பிறகு இரண்டு பேருமாகப் பெட்டிகளை அவிழ்த்தோம். சோற்றுப் பானை எதில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை, அதைத் தேடிக் கண்டுபிடித்து உலை வைக்கும்போது இருட்டிவிட்டது. படங்கள் சுவருக்குத் திரும்பின. எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பெட்டி மட்டும் கயிற்றோடு கிடந்தது. எங்கள் கல்யாணப் படமும் இரண்டு நல்ல சேலையும் என் நீளக்கைச் சட்டையும் அதில் இருப்பதாகச் சொன்னாள். அவிழ்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"அது இருக்கட்டும்" என்றாள். "கான்ட்ராக்ட் ஒரு வருசத்துக்குத்தான?"

வருஷா வருஷம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். பெட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வீடு கூட்டும்போது பார்வதி அதை வெளியே இழுத்து, தூசியைத் துடைத்து, மறுபடி உள்ளே தள்ளிவைக்கிறாள்.